கறுப்பாகாத எண்ணெய்

சுதர்ஷினியை முதன்முதலாகப் பார்த்த அன்று அவளை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், நான் அவளைப் புகழ்வதைக் கேட்டு, ஆள் ரொம்ப நல்லவர் போலிருக்கிறதே என்று நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். எனக்குக் கோபம் மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். என் மனைவி தாட்சாயினியைக் கேட்டால், மூக்கே கோபத்தால் செய்ததுதான் என்பாள்.

என் பெயர் குகதாசன். எங்கள் தீவில், ஜார்ஜ்டவுன் நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தேழு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து பாரங்களை வாங்கி முத்திரை குத்தியவன். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. வீடு கிரீன் லேன் பக்கம். பிள்ளைகள் இல்லை. இருப்பது நானும் தாட்சாவும், இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஒரு ஹைபிரிட் காரும்தான். பேட்டரியும் பெட்ரோல் இஞ்சினும் மாறி மாறி இழுக்கிற வகை. மருந்து விற்பனைக்காரர் ஒருவர் ஈப்போவுக்கும் அலோர் ஸ்டாருக்கும் ஓட்டி ஓட்டித் தேய்த்துவிட்டு என் தலையில் கட்டிய கார் அது.

தாட்சாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இரண்டு வருஷமாகத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு மெஷினில் போட்டால் பத்து மணிக்கு எடுப்பார்கள். வீட்டிலிருந்து நிலையம் மூன்று கிலோமீட்டர். கார் ஓடுவது அவ்வளவுதான். மிச்ச நாளில் காய்கறி வாங்கப் பாசாருக்கு ஒரு நடை, கோயிலுக்கு ஒரு நடை. கார் எதற்கு, வாடகைக் கார் போதாதா என்று கேட்கலாம். ஒருமுறை அப்படித்தான் திரும்பி வந்தோம். பாதி வழியில் ஊசி போட்ட இடத்தில் கட்டு நழுவி, யாரோ ஒரு பையனுடைய புதுக் கார் சீட்டெல்லாம் ரத்தம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இவள்தான் கூசிப்போய், இனி செத்தாலும் அடுத்தவர் காரில் ஏறமாட்டேன் என்றுவிட்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், விளக்குகளைத் துடைத்து எடுத்துவைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "போதும்ங்க. தைப்பூசம் வரைக்கும் போறேன். அப்புறம் விட்டுடலாம்."

எதை விட்டுவிடலாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம். டயாலிசிஸை நிறுத்தினால் எத்தனை நாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. மளிகைச் சாமான் போதும் என்பதுபோல் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் கார் மக்கர் பண்ணியது. விடிகாலையில் சிக்னல் வளைவில் திரும்பும்போது எண்ணெய்க் குடம் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. இஞ்சினில் ஒரு கடகடப்பு. நான் ஓரமாக நிறுத்தி, அணைத்து, பிறகு மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இருபது நிமிஷம் தாமதம். இறங்கும்போது தாட்சா காரின் கூரையைத் தட்டிக்கொடுத்து, "காடியே சொல்லிடுச்சு பாருங்க, போதும்னு" என்றாள்.

அந்தப் பேச்சுதான் என்னைக் குத்தியது. இந்தக் கார் படுத்தால் அதையே சாக்காக வைத்து அவளும் படுத்துவிடுவாள். தைப்பூசம் வரைக்கும்கூடப் பொறுக்கமாட்டாள். அவளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. காரையாவது சரிபண்ணலாம் என்று புறப்பட்டேன். ஆண்பிள்ளை புத்தி வேறு எப்படி இருக்கும்!

எங்கள் பக்கத்தில் புவனேஸ்வரன் என்று ஒரு போமேன் இருக்கிறார். கார் பழுது பார்க்கிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். நல்ல மனுஷன், கையில் எப்போதும் நாலு கார் வேலை நிற்கும். அவர் இஞ்சினில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகிப் பார்த்தார். மூடியின் அடியில் தே தாரிக் என்கிற பால் தேநீர் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தது. தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது, இரண்டையும் பிரித்துவைக்கிற கேஸ்கட் போயிருக்கும், இஞ்சினை இறக்கிப் பிரிக்கணும், மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரம் என்றால் ஒன்பது டயாலிசிஸ். முடியாது என்றேன். அப்படியானால் வயசான காருக்குக் கெட்டி எண்ணெய்தான் சரி, இருப்பதிலேயே கெட்டியானதாக நாலு லிட்டர் வாங்கி வாருங்கள், ஊற்றி ஓடுகிறவரைக்கும் ஓட்டுங்கள் என்றார்.

ஜெலுத்தோங்கில் ஒரு கார் சாமான் கடைக்குப் போனேன். கவுண்டரில் கடைச் சட்டை போட்ட ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். அவள்தான் சுதர்ஷினி. நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "கடையில ஆம்பள ஆள் யாரும் இல்லையா?"

தவுக்கே, அதாவது கடை முதலாளி, சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள். கெட்டி எண்ணெய் கேட்டேன். எடுக்காமல் கேள்வி கேட்கத் தொடங்கினாள். என்ன கார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், வழியில் எத்தனை சிக்னல், கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள். நான் பதில் சொல்லச் சொல்ல எனக்குச் சூடு ஏறிக்கொண்டே போயிற்று. நீ கடை வைத்திருக்கிறாயா கிளினிக் வைத்திருக்கிறாயா என்று கத்தினேன். அவள் அசையவில்லை.

"ஹைபிரிட் காடிக்கு இத நான் கொடுக்கமாட்டேன் அங்கிள். வேற கடையில கொடுப்பாங்க, வாங்கிக்குங்க. ஆனா ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ காடிய எனக்குக் காட்டிட்டுப் போங்கலா."

இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வெளியே வந்து காரில் ஏறி உட்கார்ந்தேன். உச்சி வெயில். அவள் பின்னாலேயே வந்து கண்ணாடியைத் தட்டினாள். கையில் டார்ச் விளக்கும் ஒரு துணியும்.

முன்மூடியைத் திறக்கச் சொன்னாள். ரேடியேட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. எண்ணெய் மூடியின் அடியில் இருந்த பசையைக் காட்டி, போமேன் கேஸ்கட் என்றதையும் சொன்னேன். அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தாள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. விளக்கு எரிந்ததற்கு அதுதான் காரணம் என்றாள். பழைய இஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்குமாம், இடையில் பார்த்து ஊற்ற வேண்டுமாம். பிறகு அந்தக் கம்பியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோந்தாள். பெட்ரோல் வாசம் என்றாள். கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது என்று மறுபடியும் கேட்டாள். பதினாலு மாசம்.

"பத்தாயிரம் கிலோமீட்டர்ல மாத்தணும்னு கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. இன்னும் ரெண்டாயிரம்கூட ஓடலயே" என்று சொன்னேன். அது மட்டுமா? என்னுடைய பெரிய ஆதாரத்தையும் எடுத்து நீட்டினேன். "எண்ணெய் இன்னும் கறுப்பாகவே இல்லையேம்மா."

இதற்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் இஞ்சின் ஆயிலை யாரும் இஞ்சின் ஆயில் என்பதில்லை. மலாயில் மிஞாக் ஹித்தாம், தமிழர் வாயில் கறுப்பெண்ணெய். புது டின்னைத் திறந்தால் தேன் நிறத்தில் இருக்கும், அதற்கும் பெயர் கறுப்பெண்ணெய்தான். நான் சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயரை வைத்து ஒரு சட்டம் போட்டுக்கொண்டுவிட்டேன்: கறுப்பானால்தான் மாற்றவேண்டும். மாதாமாதம் கம்பியை இழுத்துப் பார்ப்பேன். நிறம் கறுக்கவில்லை, எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று திருப்தியோடு மூடுவேன். அளவைப் பார்க்கிற கம்பியில் நான் அளவைப் பார்த்ததே இல்லை.

சுதர்ஷினி சிரித்திருந்தால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. இஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க காடி ஓடுறதே இல்ல அங்கிள். எந்திரிக்குது, உடனே படுக்குது. மூணு கிலோமீட்டர்ல பாதி பேட்டரியில போயிடுது. இஞ்சின் சூடாகறதுக்குள்ள நீங்க போய்ச் சேந்திடுறீங்க. உள்ள வேர்க்கிற தண்ணியும், எரியாம இறங்குற பெட்ரோலும் வெளிய போக வழியே இல்ல. அந்தப் பசை அதுதான்."

அப்படியானால் கேஸ்கட்? அது போயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் குறையவேண்டும் என்றாள். புட்டியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டாள். ஒரு வாரம் தினமும் பாருங்கள், கோட்டுக்குக் கீழே இறங்கினால் நான் சொன்னது தப்பு, போமேன் சொன்னது சரி என்றாள். அந்த நேர்மைதான் என் வாயை அடைத்தது. நான் கவுண்டரில் உட்கார்ந்த காலத்தில் ஒருநாளும் "நான் சொன்னது தப்பாக இருக்கலாம்" என்று சொன்னதில்லை.

கெட்டி எண்ணெய் ஏன் கூடாது என்று கேட்டேன். ஹைபிரிட் இஞ்சின் ஒவ்வொரு சிக்னலிலும் தூங்கி எழுகிறது, எழுந்த உடனே எண்ணெய் மேலே ஏறிப் போய்ச் சேரவேண்டும், கெட்டியாக இருந்தால் சேருவதற்குள் உலோகம் உலோகத்தோடு உரசும் என்றாள். காரோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். எத்தனையோ அரசாங்கச் சுற்றறிக்கைகளை வரி விடாமல் படித்தவன் நான், அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்துகூட எடுத்ததில்லை. அதில் எழுதியிருந்தது ரொம்ப மெல்லிய எண்ணெய்: ஜீரோ டபிள்யூ இருபது. அதிலேயே ரொம்ப தூரம் ஓடிய கார்களுக்கென்று ஒரு வகை இருக்கிறது, பழைய ரப்பர் சீல்கள் காய்ந்து கசியாமல் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகும் ரொம்பக் குடித்தால் புத்தகம் அனுமதிக்கிற அடுத்த கனத்துக்கு ஒரு படி ஏறலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றாள்.

கடைசியாக ஓர் அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் இந்த எண்ணெயையும் வடித்து மாற்றவும். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கிலோமீட்டர் பார்க்கவேண்டாம், நிறமும் பார்க்கவேண்டாம். ஞாயிறுதோறும் நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் நிற்காமல் ஓட்டவும். வெயிலில் நின்று எழுதியதில் கையெழுத்து கோணலாக இருந்தது.

நன்றி சொல்லவில்லை நான். "நீ என்ன படிச்சிருக்கே?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "எஸ்பிஎம் வரைக்கும்தான் அங்கிள், பள்ளிக்கூடத்தோட சரி. ஆனா பன்னண்டு வருஷம் எண்ணெயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அந்தப் பன்னிரண்டு வருஷக் கதையைப் பிற்பாடு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவள். அப்பா லாரி ஓட்டியவர். பத்தொன்பது வயதில் பிறையில் எண்ணெய் கலக்கும் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் சேர்ந்தாள். கண்ணாடிக் குழாயில் எண்ணெயை விட்டு, நாற்பது டிகிரியில் எத்தனை விநாடியில் இறங்குகிறது, நூறு டிகிரியில் எத்தனை விநாடி என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. நாளுக்கு அறுபது குழாய். இப்போதும் வீட்டில் சமையல் எண்ணெய்ப் புட்டியைச் சாய்த்து வடிவதைப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் ஊற்றுவாளாம். வேறொரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கணவர் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாராம். கம்பெனி வேறு நாட்டுக்குப் போனபோது இவள் வேலையும் போனது. தினமும் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றித் தீவுக்கு வந்து வேலை தேடி, ஐந்தாவது கடையில் இந்தத் தவுக்கே எடுத்துக்கொண்டார்.

எதற்காகக் காரைத் தேடி ஓடிவருகிறாய், திட்டு வாங்குவதற்கா என்று ஒருநாள் கேட்டேன். சேர்ந்த புதிதில் அக்மல் என்று ஒரு பொட்டலம் கொண்டுபோகிற வேன்காரர், அவசரமாக வந்து ஒரு புட்டி எண்ணெய் கேட்டாராம். அவர் அதட்டிய அதட்டலில் இவள் பயந்துபோய், கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவர் பழைய எண்ணெயை மாற்றாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். நாலு மாதத்தில் உள்ளே தார் மாதிரி அடைத்து இஞ்சின் இறுகி, வேனும் போய்ப் பிழைப்பும் போனது. "அன்னைக்கு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும் அங்கிள்" என்றாள். அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்காமல் விட்டதில்லை. ஆரம்பத்தில் தவுக்கே முணுமுணுத்தாராம். போனவர்கள் திரும்பித் திரும்பி வருவதைப் பார்த்ததும் விட்டுவிட்டாராம்.

எண்ணெயை மாற்றிக்கொண்டேன். புவனேஸ்வரன் புதுசை விரலில் தொட்டுப் பார்த்து, தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று தலையை ஆட்டினார். அந்த ஒரு வாரம் காலையும் மாலையும் நான் அந்தக் கோட்டைப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெருமூச்சு விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நெடுஞ்சாலைக்குப் போகவேண்டும். தாட்சாவைத் தனியாக விட்டுப்போக முடியாது, திடீரென்று பிரஷர் இறங்கிவிடும். அதனால் அவளையும் கூப்பிட்டேன். எண்ணெய்க்காகவா என்று கேட்டுவிட்டு, வீட்டில் போடுகிற கவுனோடேயே வந்து உட்கார்ந்தாள். கடலைக் கடக்கும் முதல் பாலத்தில் ஏறிப் பிறைக்குப் போய், தெற்கே சிம்பாங் அம்பாட் வரைக்கும் ஓட்டி, பத்து கவான் வழியாக இரண்டாம் பாலத்தில் திரும்பினேன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை.

இரண்டாம் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல் மட்டும் தெரிகிற இடத்தில், தாட்சா கண்ணாடியை இறக்கினாள். காற்று முடியைப் பிய்த்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "காடிய வெளிய கூட்டிட்டுப் போகணும்னு எழுதிக் கொடுக்க ஒரு ஆள் இருக்கு. எனக்கு எழுதிக் கொடுக்க யாருமில்ல, பாத்தீங்களா."

பாலத்தில் நிறுத்த முடியாது. நிறுத்த முடிந்திருந்தால் அவள் காலைப் பிடித்திருப்பேன். இரண்டு வருஷமாக அவளை நான் எங்கே கூட்டிப்போனேன்? ஊசிக்கும், பாசாருக்கும், கோயிலுக்கும். நேரம் தவறாமல் கொண்டுபோய்விட்டேன், அதுவே பெரிய சேவை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். "என்னை மன்னிச்சிடு தாட்சா" என்றேன். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அவள் கவுனில் வரவில்லை. நீலப் புடவை கட்டியிருந்தாள். குடிக்கத் தண்ணீர் அளவுதான் அவளுக்கு, அதனால் ஐஸ் கட்டி நாலைந்தைப் பிளாஸ்கில் போட்டு எடுத்துக்கொண்டாள். பிறையில் முன்னால் போன லாரிகளின் பின்புறம் எழுதியிருந்ததையெல்லாம் சத்தமாகப் படித்தாள். மூன்றாவது ஞாயிறு, நாற்பது நிமிஷம் ஆகிவிட்டதா என்று மணியைப் பார்த்துக்கொண்டு, ஆனதும் சிம்பாங் அம்பாட்டில் நிறுத்தச் சொல்லி, வேர்க்கடலை வைத்து மடித்த ஓர் ஆப்பம் பாலிக்கில் கால்வாசியைத் தின்றுவிட்டு மிச்சத்தை என்னிடம் தள்ளினாள். நான்காவது ஞாயிறு நான் மூடியைத் திருகிப் பார்த்தபோது பசை போய், உள்ளே சுத்தமாக இருந்தது. அவளும் எட்டிப் பார்த்தாள். ஆனால் மற்ற நாட்களில் அவள் மாறவில்லை. திங்கட்கிழமை மெஷினிலிருந்து எழுந்தால் அதே வெளிறிய முகம், அதே மௌனம். தைப்பூசம் பற்றி அவள் சொன்னதைத் திரும்பப் பேசவுமில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை. நான் நாள்காட்டியைக் கிழிக்கப் பயந்தேன்.

தைப்பூசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஊரெங்கும் ரோடு மூடியிருந்ததால் அந்த வாரம் பாலம் இல்லை. பக்கத்துத் தண்ணீர்ப்பந்தலில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி அவளை உட்காரவைத்தேன். காவடிகள் போவதைக் கைகூப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். வழக்கமாக நான்தான் அவளை எழுப்புவேன். அன்று எழுப்பக் கை வரவில்லை. கட்டாயப்படுத்திக் கூட்டிப்போக எனக்கு என்ன உரிமை? மெஷினில் கிடப்பது அவள். கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். முருகனைக்கூடக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் அழுகை வந்துவிடும்.

ஐந்தரைக்கு அறைக்கதவு திறந்தது. தாட்சா முகம் கழுவி, பொட்டு வைத்து, மெஷினுக்குப் போகும் தளர்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? நேத்துதான் பாலத்துக்குப் போக முடியல. வர்ற ஞாயிறாச்சும் போகணும்ல? அதுக்கு நான் இருக்க வேணாமா? சாவிய எடுங்க."

சாவியை எடுத்தேன். கண்ணில் நீர் மறைத்து, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போனேன். அதற்கும் ஒரு திட்டு வாங்கினேன்.

அவளை மெஷினில் போட்டதும் நேராக ஜெலுத்தோங் போனேன். கடை இன்னும் திறக்கவில்லை. எட்டரைக்குச் சுதர்ஷினி மோட்டாரில் வந்து இறங்கினாள். என்னைப் பார்த்ததும் காருக்கு என்ன ஆயிற்று என்று பதறினாள். காருக்கு ஒன்றுமில்லை என்றேன். கார்த்திகை மறுநாளிலிருந்து இன்று காலை வரைக்கும் நடந்ததை, அதுவரை யாரிடமும் சொல்லாததை, அவள் பூட்டைத் திறக்கவிடாமல் வாசலிலேயே நிறுத்திவைத்துச் சொன்னேன்.

அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "நான் காடிக்குத்தான் அங்கிள் சொன்னேன்" என்றாள்.

"தெரியும்மா. அவளும் அப்படித்தான் வந்து ஏறினா, காடிக்காக. ரொம்ப நன்றிம்மா."

பத்து மணிக்குத் தாட்சாவைக் கூட்டிவரப் போனேன். ஊசி போட்ட இடத்துக் கட்டை மறுகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். ஏறி உட்கார்ந்ததும், ஞாயிறுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்றாள்.